‘மெம்பர் செக்கிங் செய்தோம்’ என்றால் போதுமா? விளையாட்டு உளவியலில் பண்புசார் ஆய்வை எடைபோடும் விதம்

விளையாட்டு உளவியல் இதழ்களில் வரும் நேர்காணல் ஆய்வுகள் பலவற்றில், முறையியல் பகுதியின் முடிவில் ஏறத்தாழ ஒரே மாதிரியான பத்தி ஒன்றைப் பார்க்கலாம். நேர்காணலின் எழுத்துப்படியைப் பங்கேற்றவர்களுக்கு அனுப்பிச் சரிபார்த்தோம் (இதுதான் மெம்பர் செக்கிங்). இரண்டு பேர் தனித்தனியாகக் கோடிங் செய்து, அதாவது பேச்சின் பகுதிகளுக்குப் பொருள் சுட்டும் குறிப்பெயர் (‘கோடு’) கொடுத்து, ஒப்பிட்டோம். பன்னிரண்டாவது நேர்காணலோடு சாச்சுரேஷன், அதாவது புதிதாக எதுவும் வராத நிலை, வந்துவிட்டது. ஆகவே முடிவுகள் நம்பத்தக்கவை. கட்டுரையை மதிப்பிடும் நடுவரும் இந்த வரிகள் இருக்கின்றனவா என்று பார்த்து டிக் அடித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். ஆனால் இந்தப் பத்தி தன்னளவில் எதையும் நிரூபிப்பதில்லை. சில கட்டுரைகளில் ஆய்வாளருக்குத் தன் ஆய்வின் அடிப்படை பிடிபடவில்லை என்பதற்கு முதல் தடயமே இந்தப் பத்திதான். எண்களை அல்லாமல் பேச்சையும் அனுபவத்தையும் ஆராயும் பண்புசார் ஆய்வில் கறார்த்தன்மை என்பது எந்த நுட்பத்தைச் செய்தோம் என்பதில் இல்லை. அந்த நுட்பம் இந்த ஆய்வின் கேள்விக்கும், எது அறிவு, அதை எப்படி அடைவது என்ற அதன் அறிவுக் கொள்கைக்கும் பொருந்துகிறதா என்பதில் இருக்கிறது.

இந்தப் பத்தி வந்த வழியைத் தெரிந்துகொண்டால் சிக்கல் புரியும். வட அமெரிக்க விளையாட்டு உளவியல் நீண்ட காலம் வினாத்தாள், சோதனை, புள்ளியியல் என்றே ஓடியது. 1987இல் ரெய்னர் மார்ட்டன்ஸ் இதைக் கேள்விக்குள்ளாக்கினார். ஆய்வகத்தில் திரளும் அறிவுக்கும் களத்தில் வீரர்களோடு வேலை செய்பவருக்குத் தேவைப்படும் அறிவுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது, வீரரின் அனுபவத்தை நேரடியாக ஆராயும் வழிகளுக்கு இடம் வேண்டும் என்பது அவர் வாதம். அடுத்த சில ஆண்டுகளில் இரண்டு ஆய்வுகள் மற்றவர்களுக்கு மாதிரியாக அமைந்தன. ஒன்று, தாரா ஸ்கேன்லன் குழுவினர் 26 முன்னாள் ஃபிகர் ஸ்கேட்டிங் வீரர்களிடம் மகிழ்ச்சிக்கும் மன அழுத்தத்துக்கும் ஊற்றுகள் எவை என்று கேட்டது. இன்னொன்று, டேனியல் கூல்ட் குழுவினர் 1988 சியோல் ஒலிம்பிக்கின் அமெரிக்க மல்யுத்த அணியினர் 20 பேரிடம் எடுத்த நேர்காணல்கள். பேச்சைச் சிறு கூறுகளாகப் பிரித்து, கூறுகளைத் தீம்களாகவும் தீம்களைப் பெரும் பரிமாணங்களாகவும் அடுக்கி வரைபடமாகத் தரும் பாணி அப்போதுதான் இந்தத் துறையில் வேர்விட்டது.

புள்ளியியலில் பழகிய நடுவர்கள் இயல்பாகவே ‘ஏற்புடைமை எங்கே, நம்பகத்தன்மை எங்கே’ என்று கேட்டார்கள். அதற்குக் கையில் தயாராக இருந்த பதில், யுவொன்னா லிங்கனும் ஈகோன் குபாவும் 1985இல் முன்வைத்த நான்கு அளவுகோல்கள். அக ஏற்புடைமை, புற ஏற்புடைமை, நம்பகத்தன்மை, புறவயத்தன்மை ஆகிய நான்குக்கும் ஈடாக அவர்கள் நான்கு கேள்விகளை வைத்தார்கள். கண்டறிந்தது நம்பத்தக்கதா? வேறு சூழலுக்கு எடுத்துச் செல்ல முடியுமா? ஆய்வு நடந்த விதத்தை இன்னொருவர் பின்தொடர்ந்து பார்க்க முடியுமா? முடிவு தரவிலிருந்து வந்ததா, ஆய்வாளரின் விருப்பத்திலிருந்து வந்ததா? இவற்றுக்கு நீண்ட காலம் களத்தில் இருத்தல், ட்ரயாங்குலேஷன் (ஒன்றையே பல வழிகளில் பார்த்து ஒப்பிடுதல்), சக ஆய்வாளரோடு விவாதம், எதிர்மறை நிகழ்வுகளைத் தேடுதல், மெம்பர் செக்கிங், ஆடிட் ட்ரெயில் (ஆய்வின் ஒவ்வொரு முடிவையும் பதிந்து வைத்தல்) என்று நுட்பங்களையும் கொடுத்தார்கள். அந்தக் காலத்துக்கு இது பெரும் பணி. பண்புசார் ஆய்வு இதழ்களுக்குள் நுழைய இது வாசலைத் திறந்துவிட்டது. துறையின் மூன்று முக்கிய இதழ்களில் தரவு சார்ந்த கட்டுரைகளில் பண்புசார் முறையைப் பயன்படுத்தியவை 1990–1999இல் 17.3 விழுக்காடு, அடுத்த பத்தாண்டில் 29 விழுக்காடு.

லிங்கனும் குபாவும் அந்தப் பட்டியலோடு நின்றுவிடவில்லை என்பது இங்கே கவனிக்க வேண்டியது. 1989இலேயே, பழைய அளவுகோல்களுக்கு இணை தேடுவது போதாது என்று உணர்ந்து, பல தரப்புக் குரலுக்கும் நியாயம் செய்ததா, பங்கேற்றவரின் புரிதல் வளர்ந்ததா, செயலுக்குத் தூண்டியதா என்று வேறு வகை அளவுகோல்களையும் சேர்த்தார்கள். விளையாட்டு உளவியலில் நிலைத்துவிட்டதோ 1985 பட்டியல்தான். 1998இல் ஆண்ட்ரூ ஸ்பார்க்ஸ் இதன் உள்முரணைச் சுட்டிக்காட்டினார். உண்மை பன்முகமானது, ஆய்வாளரும் பங்கேற்பவரும் சேர்ந்து கட்டுவது என்று ஒரு பக்கம் சொல்லிவிட்டு, மறுபக்கம் சரியான நுட்பத்தைப் பின்பற்றினால் சரியான விளக்கத்தைப் பிரித்தெடுக்கலாம் என்றால் இரண்டும் ஒட்டவில்லை. இருபது ஆண்டு கழித்து 2018இல் பிரெட் ஸ்மித்தும் கெரி மெக்கானனும் அதே குறையை மெம்பர் செக்கிங், கோடர் (கோடிங் செய்பவர்) உடன்பாடு, எல்லா ஆய்வுக்கும் ஒரே அளவுகோல் என்ற மூன்று இடங்களில் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. பழக்கம் அவ்வளவு ஆழமாக ஊன்றிவிட்டிருந்தது.

மெம்பர் செக்கிங்கை எடுத்துக்கொள்வோம். நேர்காணலின் எழுத்துப்படியையோ முடிவுகளையோ பங்கேற்றவருக்கு அனுப்பி, சரியா என்று கேட்பது. எழுத்துப்படியை அனுப்புவதால் தட்டச்சுப் பிழை திருந்தும், ஒருவர் வெளியே வர வேண்டாம் என்று நினைக்கும் வரியை நீக்க வாய்ப்புக் கிடைக்கும், இரண்டுமே தேவையானவைதான். ஆனால் விளக்கம் சரி என்பதற்கு அது சான்றாகாது. ஒரு மணி நேரப் பேச்சு எளிதாக எட்டாயிரம், ஒன்பதாயிரம் சொற்கள் வரும். போட்டிப் பருவத்தின் நடுவே இருக்கும் வீரர் அதை முழுதும் படிக்கமாட்டார். ‘எல்லாம் சரி’ என்று பதில் போடுவார், அல்லது பதிலே வராது. வராத பதிலைச் சம்மதமாக எடுத்துக்கொண்ட கட்டுரைகள் உண்டு. ஆய்வாளரே அணியின் உளவியலாளராகவும் இருந்தால் ‘தவறு’ என்று சொல்லும் துணிவு வீரருக்கு எங்கிருந்து வரும்? நேர்காணல் தந்தது தோல்விக்கு மறுநாள், சரிபார்ப்பது மூன்று மாதம் கழித்து வெற்றிக்குப் பிறகு என்றால், மாறிப்போன அந்த வீரர் எந்தப் பதிப்பை உறுதிப்படுத்துவார்? எல்லாவற்றுக்கும் மேலாக, இருவரும் மாறுபட்டால் யார் பக்கம் முடிவு செய்வது என்பதற்கு அந்த நுட்பத்துக்குள் விடையே இல்லை. ஆய்வாளர் பதினைந்து பேரின் பேச்சை ஒருசேர வைத்துக் கண்ட ஒன்றைத் தன் பேச்சை மட்டும் அறிந்த ஒருவர் சரி தவறு என்று சொல்ல முடியாது.

இதற்கு மாற்றாக முன்வைக்கப்படுவது, பங்கேற்றவரோடு சேர்ந்து விளக்கத்தை அசைபோடுவது. எழுத்துப்படிக்குப் பதில் இரண்டு பக்கச் சுருக்கத்தைக் கொடுத்து, நேரில் உட்கார்ந்து, ‘இதில் எது உங்களுக்கு இடிக்கிறது, எது விடுபட்டிருக்கிறது, நீங்களாக இருந்தால் எதை வேறு மாதிரி சொல்வீர்கள்’ என்று கேட்க வேண்டும். வரும் பதில் தீர்ப்பாகாது. அதுவும் புதிய தரவு. அதைக் கொண்டு விளக்கம் எந்த இடத்தில் மாறியது என்று கட்டுரையில் எழுத வேண்டும். ஒரு இடத்திலும் மாறவில்லை என்றால் அந்த உரையாடல் நடந்த விதத்தைச் சந்தேகிக்கலாம்.

அடுத்தது கோடர்களின் உடன்பாடு. எண்ணாக வருவதால் நடுவர்களுக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். முழங்கால் லிகமென்ட் கிழிந்து அறுவை சிகிச்சைக்குப் பின் களத்துக்குத் திரும்பிய கால்பந்து வீரர் ஒருவர் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்:

“டாக்டர் ஓகே சொல்லிட்டாரு. வலியும் இல்ல. ஆனா அந்தக் கால ஊன்றித் திரும்பும்போது மட்டும் நானாவே வேகத்தக் குறைச்சிடறேன். கோச் கேட்டா ஃபிட்டா இருக்கேன்னுதான் சொல்வேன்.”

முதல் ஆய்வாளர் இதற்கு ‘மறுபடி காயம்படும் பயம்’ என்று கோடு கொடுக்கிறார். இரண்டாமவர் ‘பயிற்சியாளரிடம் மறைத்தல்’ என்கிறார். மூன்றாமவர், மருத்துவர் சொல்லும் ‘குணமாகிவிட்டது’ என்ற கதைக்கும் உடம்பு சொல்லும் கதைக்கும் நடுவே வீரர் மாட்டிக்கொண்டிருப்பதைக் காண்கிறார். மூன்றையும் தரவைக் காட்டியே நிறுவலாம். இன்னும் கூர்ந்து பார்த்தால் ‘பயம்’ என்ற சொல்லை வீரர் உச்சரிக்கவே இல்லை. ‘நானாவே’ என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. வேகத்தைக் குறைப்பது தான் எடுத்த முடிவா, தன்னை மீறி நடப்பதா என்பது அவருக்கே தெளிவாக இல்லை. நல்ல பகுப்பாய்வு அந்த மங்கலைப் பற்றிக்கொண்டு, மற்ற வீரர்களின் பேச்சிலும் அது எங்கெல்லாம் வருகிறது என்று தேடிப் போகும். உடன்பாட்டு எண்ணை உயர்த்துவதே இலக்கு என்றால் நடப்பது வேறு. கோடுப் பட்டியலை இருவரும் ஒத்துப்போகும்வரை எளிமையாக்குவார்கள். கடைசியில் ‘காயம் தொடர்பான பேச்சு’ என்ற ஒரு கோடு மிஞ்சும். உடன்பாடு 95 விழுக்காட்டைத் தாண்டும், தெரிந்துகொண்டது எதுவுமில்லை.

எண்ணிலும் ஏமாற்றம் உண்டு. 100 பகுதிகளில் ஒரு கோடு இருக்கிறதா இல்லையா என்று இரண்டு பேர் பார்க்கிறார்கள். 5 இடத்தில் இருவரும் ‘உண்டு’, 85 இடத்தில் இருவரும் ‘இல்லை’, மீதி 10 இடத்தில் ஆளுக்கு ஐந்தில் மட்டும் ‘உண்டு’ என்று மாறுபடுகிறார்கள். உடன்பாடு 90 விழுக்காடு என்று எழுதினால் பிரமாதமாகத் தெரியும். தற்செயலாகவே 82 விழுக்காடு ஒத்துப்போயிருக்கும் என்பதைக் கழித்துக் கணக்கிடும் கோஹன் கப்பா என்ற அளவு 0.44தான் (முழு உடன்பாடு என்றால் 1). இருவரில் ஒருவராவது ‘உண்டு’ என்ற 15 இடங்களில் ஒத்துப்போனது வெறும் ஐந்தில். விழுக்காட்டை மட்டும் தந்து கப்பாவைத் தராத கட்டுரையில் இந்தக் கணக்கைக் கேட்பது நடுவரின் கடமை.

கப்பா எங்குமே வேண்டாம் என்பது இதன் பொருளல்ல. முன்பே தீர்மானித்த கோடுப் பட்டியலோடு நூற்றுக்கணக்கான பேட்டிகளை எண்ணிக்கைக்காக வகைப்படுத்தும் ஆய்வுக்கு அது தேவை. அங்கே ஒரு கோடர் இன்னொருவருக்கு மாற்றாக இருக்க முடியும் என்பதே ஆய்வின் அடிப்படை. விர்ஜீனியா பிரானும் விக்டோரியா கிளார்க்கும் தீம் பகுப்பாய்வை மூன்று குடும்பமாகப் பிரிப்பது இதனால்தான்: கோடிங் நம்பகத்தன்மையை நாடுவது, கோடுப் புத்தகத்தை வைத்து நடப்பது, ஆய்வாளரின் பார்வையையே கருவியாகக் கொள்ளும் ரிஃப்ளெக்சிவ் வகை. மூன்றாவது வகை என்று அறிவித்துவிட்டு அடுத்த பத்தியிலேயே கப்பா தரும் கட்டுரை தன்னோடு தானே முரண்படுகிறது. ரிஃப்ளெக்சிவ் வகையில் இரண்டாவது ஆளின் வேலை ஒத்துப்போவது இல்லை. விமர்சன நண்பராக இருந்து, ‘ஏன் இதைப் பயம் என்கிறாய், மறைத்தல் என்றும் படிக்கலாமே’ என்று முட்டுக்கட்டை போடுவது. அந்தச் சந்திப்புகளில் எந்தத் தீம் உடைந்தது, எது இணைந்தது என்று தேதியிட்டுக் குறித்து வைத்தால் அது எந்த எண்ணையும்விடப் பயன் தரும்.

சாச்சுரேஷனுக்கு வருவோம். ‘12 நேர்காணல் போதும்’ என்ற நம்பிக்கைக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் 2006இல் கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூவரும் வெளியிட்ட கட்டுரை. கானாவிலும் நைஜீரியாவிலும் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்கள் அதன் தரவு; கானாவின் 30 நேர்காணல்களில் உருவான 109 கோடுகளில் 73 விழுக்காடு முதல் ஆறிலேயே வந்துவிட்டன. பன்னிரண்டில் 92 விழுக்காடு. ஓரளவு ஒரே தன்மையுள்ள குழு, எல்லோருக்கும் ஒரே கேள்விகள், கோடுகளை எண்ணும் நோக்கம் என்ற நிபந்தனைகளோடு வந்த எண் அது. இரு பாலினம், நான்கு விளையாட்டு, ஓய்வு பெற்றவரும் ஆடிக்கொண்டிருப்பவரும் கலந்த குழுவுக்கு அதைத் தூக்கி வைக்க முடியாது. புதிய கோடு வரவில்லை என்பதும் புதிய பொருள் வரவில்லை என்பதும் ஒன்றல்ல. மேலே பார்த்த வீரரைப் போல இன்னும் ஐந்து பேர் ‘மறுகாயப் பயம்’ என்ற கோட்டுக்குள் வந்தாலும் ஒவ்வொருவரின் பேச்சும் அந்தப் பயத்தைப் பற்றிய புரிதலை மாற்றலாம். 2021இல் பிரானும் கிளார்க்கும் ரிஃப்ளெக்சிவ் வகைக்கு சாச்சுரேஷன் பொருந்தாது என்று வாதிட்டது ஒரு விளையாட்டுப் பண்புசார் ஆய்விதழில்தான். அதற்குப் பதில் ஆய்வின் நோக்கம் எவ்வளவு குறுகலானது, ஆட்கள் எவ்வளவு பொருத்தமானவர்கள், கோட்பாட்டின் துணை உண்டா, உரையாடல் எவ்வளவு ஆழமாகப் போனது என்று காரணம் சொல்லி எண்ணிக்கையை நியாயப்படுத்தலாம். ஒலிம்பிக் இறுதியில் தோற்ற நான்கு பேரிடம் மும்முறை பேசிய ஆய்வு, இருபது பேரிடம் அரை மணி நேரம் பேசிய ஆய்வைவிட வலுவாக இருக்கலாம்.

அப்படியென்றால் எதுவும் செல்லுமா என்ற அச்சம் இங்கே எழும். இல்லை. ஸ்பார்க்ஸும் ஸ்மித்தும் சொல்லும் வழி, அளவுகோல்களைத் திறந்த பட்டியலாக வைத்துக்கொண்டு ஆய்வின் வகைக்கு ஏற்றவற்றைக் காரணத்தோடு தேர்ந்தெடுத்து, அவற்றால் ஆய்வை உண்மையாகவே அளப்பது. சாரா டிரேசி 2010இல் தந்த எட்டு அளவுகோல்கள் தொடங்க நல்ல இடம். தகுதியான பொருள், செறிவான தரவும் உழைப்பும், நேர்மை, நம்பகம், படிப்பவரைத் தொடுதல், குறிப்பிடத்தக்க பங்களிப்பு, அறம், உள்ளிணக்கம் என்பவை அவை. எட்டையும் எல்லாக் கட்டுரையிலும் பெயர் சொல்லி டிக் அடித்தால் 1985 பட்டியலுக்கு நேர்ந்ததே இதற்கும் நேரும். அந்த ஆபத்து இப்போதே கண்ணில் படுகிறது.

பொருத்தமான அளவுகோல் எப்படி வேலை செய்யும் என்பதற்கு கிட்ரினா டக்ளஸும் டேவிட் கார்லெஸும் தொழில்முறை பெண் கோல்ஃப் வீரர்களிடம் செய்த ஆய்வு நல்ல எடுத்துக்காட்டு. 2006இல் அவர்கள் காட்டியது மூன்று வகைக் கதைகள். வெற்றிதான் வாழ்க்கை என்னும் சாதனைக் கதை, புது இடங்களையும் அனுபவங்களையும் நாடிய கண்டறிதல் கதை, உறவுகளை நடுவில் வைத்த கதை. இதைக் கோடர் உடன்பாட்டால் அளக்க முயன்றால் ஒன்றும் கிடைக்காது. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. கதைகள் துண்டு துண்டாக வெட்டப்படாமல் முழுமையாகத் தெரிகின்றனவா? சாதனைக் கதைக்கு அடங்காத வீரருக்கு இடமிருக்கிறதா? இருக்கிறது, அதுதான் அந்த ஆய்வின் பலம். உயர்நிலை வீரர் என்றால் விளையாட்டே எல்லாமாக இருக்க வேண்டும் என்ற துறையின் எடுகோளையே அது அசைத்தது. டக்ளஸ் தானும் தொழில்முறை கோல்ஃப் ஆடியவர். இதைச் சார்பு என்று மறைப்பது ஒரு வழி; அந்த உள்ளனுபவம் எந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது, எதைப் பார்க்கவிடாமல் தடுத்திருக்கலாம் என்று வெளிப்படையாக எழுதுவது இன்னொரு வழி. இரண்டாவதுதான் ரிஃப்ளெக்சிவிட்டி. ‘முதல் ஆசிரியர் முன்னாள் நீச்சல் வீரர்’ என்ற ஒரு வரி வெறும் அறிமுகம்.

ஒரு கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு தரத்தை ஆராய விரும்புபவர் முறையியல் பகுதியைவிட முடிவுப் பகுதியில் அதிக நேரம் செலவிட வேண்டும். முதலில் மேற்கோள்கள் யாருடையவை என்று எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு பேரிடம் பேசியதாகச் சொல்லும் கட்டுரையில் பாதிக்கு மேல் மேற்கோள் இருவருடையதாக இருந்தால் மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்க வேண்டும். பிறகு தீம்களின் பெயர்களைப் பாருங்கள். ‘பயிற்சியாளர்’, ‘குடும்பம்’, ‘ஊடகம்’ என்று இருந்தால் அவை நேர்காணல் வழிகாட்டியின் தலைப்புகள். பகுப்பாய்வு இன்னும் தொடங்கவில்லை. ‘நலமாக இருப்பதாக நடித்தால்தான் இடம் கிடைக்கும்’ என்பது ஒரு தீம். அதில் ஒரு கூற்று இருக்கிறது, அதை மறுக்க முடியும். அடுத்து, மேற்கோளுக்கு மேலும் கீழும் உள்ள வரிகள். மேற்கோள் சொன்னதையே வேறு சொல்லில் திருப்பிச் சொல்கிறதா, அது சொல்லாத ஒன்றை வெளிக்கொண்டு வருகிறதா? கடைசியாக, முடிவோடு இடறும் ஒருவராவது கட்டுரையில் தட்டுப்படுகிறாரா என்று தேடுங்கள். பதினைந்து பேரும் ஒரே திசையில் பேசுவது மிக அரிது.

காலக் கணக்கும் உதவும். ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். மென்பொருள் எழுதித் தந்தாலும் கேட்டுத் திருத்த வேண்டும். தமிழில் பேட்டி எடுத்து ஆங்கிலத்தில் எழுதும் நம் ஆய்வாளர்கள், கோடிங்கைத் தமிழ் எழுத்துப்படியிலேயே செய்துவிட்டு, கட்டுரைக்கு எடுக்கும் மேற்கோள்களை மட்டும் மொழிபெயர்ப்பது நல்லது. எந்தக் கட்டத்தில், யார் மொழிபெயர்த்தார் என்பதையும் எழுத வேண்டும்; முழுதும் மொழிபெயர்த்த பிறகு கோடிங் செய்தால் பகுப்பாய்வு மொழிபெயர்ப்பாளரின் தேர்வுகள் மீது நிற்கும்.

விளையாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் அடையாளம். ‘2012 ஒலிம்பிக்கில் இறுதிவரை வந்த, 29 வயது வில்வித்தை வீராங்கனை’ என்று எழுதிவிட்டுப் புனைபெயர் கொடுப்பதில் பயனில்லை. தேடுபொறியில் ஒரு நிமிட வேலை. விவரத்தை மறைத்தால் செறிவான சூழல் விவரிப்பு போய்விடும், வைத்தால் ஆள் தெரிந்துவிடும். ஆய்வின் தரத்தை அறத்திலிருந்து தனியே பிரிக்க முடியாது என்பது இங்கே கண்கூடு. விளையாட்டின் பெயரை விட்டு ‘தனிநபர் போட்டி’ என்பது, ஒரே ஆளின் மேற்கோள்களுக்கு வெவ்வேறு புனைபெயர் தருவது, பல வீரரின் அனுபவத்தைச் சேர்த்து ஒரு கூட்டுக்கதையாக எழுதுவது ஆகியவை நடைமுறையில் உள்ள வழிகள். எதைச் செய்தாலும் கட்டுரையில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் புனைபெயரைப் பிரித்தால், மேற்கோள்களை எண்ணிப் பார்க்கும் வாசகர் ஏமாந்துபோவார்.

அறிக்கை விதிமுறைகளையும் அவற்றின் இடத்தில் வைக்க வேண்டும். பண்புசார் ஆய்வை எழுதும்போது எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று 2007இல் வந்த கோரெக் (COREQ) பட்டியலில் 32 அம்சங்கள். யார் பேட்டி எடுத்தார், எங்கே, எவ்வளவு நேரம் என்பதை விட்டுவிடாமல் எழுத அது உதவும். ஆனால் அதில் சாச்சுரேஷனும் பங்கேற்றவரின் சரிபார்ப்பும் கேட்கப்படுவதால், அவை பொருந்தாத ஆய்வுகளும் ஏதாவது எழுதி நிரப்ப வேண்டியதாகிறது. பட்டியல்கள் ஆய்வை வழிநடத்தத் தொடங்கும் ஆபத்தை ரோஸலின் பார்பர் 2001இலேயே எச்சரித்தார். அமெரிக்க உளவியல் சங்கம் 2018இல் தந்த விதிமுறை இவ்விஷயத்தில் சற்று நெகிழ்வானது. பொருளுக்கு உண்மையாக இருத்தல், நோக்கத்துக்குப் பயன்படுதல் என்ற இரண்டையும் முன்வைத்து, வழியை ஆய்வாளரிடம் விடுகிறது.

‘ஏன் கப்பா இல்லை, ஏன் பொதுமைப்படுத்த முடியவில்லை’ என்று நடுவர் கேட்டால், அவசரமாக ஒரு நண்பரைக் கொண்டு பத்து விழுக்காடு தரவைக் கோடிங் செய்து எண்ணைச் சேர்த்துவிடும் பழக்கம் இளம் ஆய்வாளர்களிடம் இருக்கிறது. வெளியீடு தள்ளிப்போகும் பயம் புரிந்துகொள்ளத்தக்கதே. அதற்குப் பதில் மூன்று வரியில் இப்படி எழுதலாம்: “இந்த ஆய்வு ரிஃப்ளெக்சிவ் தீம் பகுப்பாய்வைக் கையாள்கிறது, இதில் கோடர் உடன்பாடு தரத்துக்கு அளவாகாது. விமர்சன நண்பரோடு நடந்த சந்திப்புகளால் இரண்டாம் தீம் எப்படி மாறியது என்று இப்போது சேர்த்திருக்கிறோம். மாதிரியிலிருந்து மக்கள்தொகைக்குப் போகும் புள்ளியியல் பொதுமைப்படுத்தல் எங்கள் நோக்கமல்ல. மற்ற அணிகளின் பயிற்சியாளர்கள் தங்கள் சூழலோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான விவரங்களை முடிவுப் பகுதியில் விரித்திருக்கிறோம்.” இப்படி எழுதிய பிறகு அந்தச் சந்திப்புக் குறிப்புகளும் அந்த விவரங்களும் உண்மையிலேயே கட்டுரைக்குள் இருக்க வேண்டும், நடுவர் அடுத்துத் திறந்து பார்ப்பது அந்தப் பக்கங்களைத்தான்.